பும்பாவின் குரல்

பத்திரிகைக் கந்தோர்களில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விடயம் தெரிந்திருக்கும். பக்கத்தில் இடம் போதாமற் போனால் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள். முக்கியமானவை மேலே, முக்கியம் குறைந்தவை கீழே என்பது செய்தி எழுதும் தொழிலின் பாலபாடம். ஆகவே ஒரு கலைஞரின் மறைவுச் செய்தியில் எது கடைசிப் பந்தியில் இடம்பெறுகின்றதோ, அது அச்சேறாமலே போய்விடக்கூடும். ஒரு மனிதரின் வாழ்க்கையில் எதை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது என்பதைச் செய்தி ஆசிரியரின் அவசரமே பல நேரங்களில் தீர்மானித்து விடுகின்றது.

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் திகதி நகைச்சுவை நடிகர் ரோபோ சங்கர் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 46. அடுத்த நாள் என் பார்வைக்குக் கிடைத்த செய்திகளில் 'மாரி', 'வேலைக்காரன்', 'விஸ்வாசம்' ஆகிய படங்களின் பெயர்கள் இருந்தன. விஜய் தொலைக்காட்சியின் 'கலக்கப் போவது யாரு' நிகழ்ச்சியின் பெயரும் இருந்தது. அவர் ஒரு காட்டுப்பன்றிக்குக் குரல் கொடுத்தவர் என்ற தகவல் சிலவற்றில் இறுதியில் இருந்தது. சிலவற்றில் இருக்கவில்லை.

புசல்லாவையில் எங்கள் வீட்டில் நிலைமை வேறாக இருந்தது. என் தங்கையின் பேரனுக்கு எட்டு வயது. அவன் 'மாரி' பார்த்தவனல்லன். ரோபோ சங்கரின் புகைப்படம் தொலைக்காட்சியில் வந்தபோதும் அவனுக்கு அந்த முகம் பழக்கமானதாகத் தெரியவில்லை. அவருடைய பழைய நேர்காணல் ஒன்றின் துண்டு ஒலித்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தான். "தாத்தா, இவருதான் பும்பாவுக்குப் பேசுனவரா?" என்று கேட்டான். ஆமென்றேன். அதன் பிறகு அவன் சாப்பிடவில்லை.

ஒரு கலைஞனின் வாழ்க்கையில் எது மேலே, எது கீழே என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை தன் விடையைச் சொல்லிவிட்டான் என்றே எனக்குத் தோன்றியது. அதுபற்றித்தான் இங்கே எழுத விரும்புகின்றேன்.

ரோபோ சங்கர் மதுரைக்காரர். ஊர்த் திருவிழா மேடைகளில் வளர்ந்தவர். அவருடைய பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட 'ரோபோ' என்ற சொல் சினிமா தந்ததன்று, மேடை தந்தது. உடம்பெங்கும் உலோகம்போல் மின்னும் வண்ணத்தைப் பூசிக்கொண்டு, இயந்திர மனிதனைப்போல் விறைத்து, வெட்டி வெட்டி அசைந்து ஆடுவது அவருடைய தனித்திறமையாக இருந்தது. அத்துடன் பலகுரல் கலையும் வந்தது. நடிகர்களைப்போலவும் தலைவர்களைப்போலவும் பேசிக்காட்டி, கோயில் திடலில் தரையில் அமர்ந்திருக்கும் சனங்களைச் சிரிக்கவைப்பது அவருக்குத் தொழிலாயிற்று. அங்கிருந்து தொலைக்காட்சிக்கும், தொலைக்காட்சியிலிருந்து திரைப்படத்திற்கும் வந்தார். 2013இல் 'இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா', 2015இல் தனுஷ் நடித்த 'மாரி' என்று படிப்படியாக அறியப்பட்டார்.

2019ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் 'த லயன் கிங்' படத்தைக் கணினி வரைகலையில் புதிதாகத் தயாரித்து வெளியிட்டது. அதன் தமிழ் வடிவத்தில் சிம்பாவுக்குச் சித்தார்த்தும், ஸ்காருக்கு அரவிந்த்சாமியும் குரல் கொடுத்தனர். கீரி இனத்தைச் சேர்ந்த டிமோனுக்கு இயக்குநரும் நடிகருமான சிங்கம்புலி, அவனுடைய கூட்டாளியான ஆபிரிக்கக் காட்டுப்பன்றி பும்பாவுக்கு ரோபோ சங்கர். 2024 டிசம்பரில் 'முஃபாசா' வந்தபோதும் இந்த இணையே மீண்டும் பேசியது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் பும்பாவின் தமிழ்க் குரல் ஓய்ந்துவிட்டது.

இந்தக் கலைஞரின் பயணத்தை நினைத்துப் பார்க்கும்போது ஒரு விடயம் துலக்கமாகத் தெரிகின்றது. இயந்திர மனிதனாக ஆடியபோது அவருக்கு உடம்பு மட்டுமே இருந்தது; இயந்திரம் பேசாது. பும்பாவாகப் பேசியபோது குரல் மட்டுமே இருந்தது. உடம்பு வேறொருவர் கணினியில் செய்தது. முன்னதில் முகத்தை வண்ணம் மறைத்தது. பின்னதில் பன்றி மறைத்தது. இரண்டுக்கும் நடுவே சில ஆண்டுகள்தாம் அவர் தன் சொந்த முகத்தோடு நம்முன் நின்றார். மறைவுச் செய்திகள் எழுதியதெல்லாம் அந்த நடுப்பகுதியைப் பற்றித்தான்.

பும்பா என்ற பாத்திரமே மேடையிலிருந்து வந்தது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1994இல் வெளிவந்த முதல் 'லயன் கிங்' படத்தில் டிமோனாகப் பேசியவர் நேதன் லேன், பும்பாவாகப் பேசியவர் எர்னி சபெல்லா. இருவரும் அப்போது நியூயோர்க்கின் பிரோட்வே மேடையில் 'கைஸ் அண்ட் டோல்ஸ்' என்ற இசை நாடகத்தில் ஒன்றாக நடித்துக்கொண்டிருந்தவர்கள். படத்தில் வரும் கழுதைப்புலிகளுக்குக் குரல் தேர்வு நடக்கின்றது என்று கேள்விப்பட்டு, அதற்காகத்தான் போனார்கள். இருவரும் சேர்ந்து பேசியதைக் கேட்ட படைப்பாளிகள் சிரித்துவிட்டு, கழுதைப்புலிகளை வேறு ஆட்களிடம் கொடுத்தார்கள். இவர்களை டிமோனும் பும்பாவும் ஆக்கினார்கள். ஒவ்வோர் இரவும் ஒரே மேடையில் நின்றவர்களுக்குத்தான் ஒருவர் மூச்சு விடும் இடத்தில் மற்றவர் நுழையத் தெரியும். அந்தப் பழக்கம் ஒலிவாங்கிக்கு முன்னாலும் அவர்களைக் கைவிடவில்லை. ஆகவே மதுரை மேடைக்காரர் ஒருவரைத் தமிழ்ப் பும்பாவாக்கியது பொருத்தமான தெரிவுதான்.

ஆனால் மேடைக்காரருக்கு ஒலிப்பதிவுக் கூடம் இலகுவான இடமன்று. ஒலி புகாத சிறிய அறை. காதில் ஒலிக்கருவி, எதிரே ஒரு திரை, கையில் வசனத்தாள். காட்சியைச் சிறு சிறு துண்டுகளாக ஓட்டுவார்கள். அந்த விலங்கின் வாய் திறக்கும்போது திறந்து, மூடும்போது மூடிவிட வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு அசையில் முடிகின்ற சொல்லுக்குத் தமிழில் ஆறு அசை வந்தால், அதை அந்த வாயசைவுக்குள் அடக்கவேண்டும், அல்லது வேறு சொல் தேடவேண்டும். ஓடும்போது மூச்சிரைப்பு, விழும்போது முனகல், சாப்பிடும்போது வாய்க்குள் அடைபடும் பேச்சு எல்லாவற்றையும் நின்ற இடத்தில் நின்றுகொண்டே உண்டாக்கவேண்டும்.

இவை பயிற்சியால் வந்துவிடும். பயிற்சியால் வராத ஒன்று இருக்கின்றது. மேடை நகைச்சுவைக்காரருக்குச் சனங்களின் சிரிப்புத்தான் அளவுகோல். சிரிப்பு எழுந்தால் அடுத்த வசனத்தைத் தாமதிப்பார். எழாவிட்டால் அடுத்ததற்குத் தாவுவார். ஒலிப்பதிவுக் கூடத்தில் சிரிப்பதற்கு ஆளில்லை. கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினால் அதுதான் கைதட்டல். அந்த மௌனத்துக்குள் நின்றுகொண்டு, சில மாதங்கள் கழித்து எங்கோ ஒரு மண்டபத்தில் எழப்போகின்ற சிரிப்பை மனத்தால் கேட்டுப் பேசவேண்டும். பல ஆண்டுகள் திருவிழாத் திடலில் நின்றவருக்குத்தான் இல்லாத சனங்களை இருப்பதாகக் கேட்க முடியும்.

மேடையிலிருந்து கார்ட்டூனுக்குப் போனவர்களில் முன்னோடி என்று அமெரிக்கரான கிளாரன்ஸ் நேஷைச் சொல்லலாம். இளமையில் ஊர் ஊராகச் சென்று மேடைகளில் மாண்டலின் வாசித்தும் பறவை, மிருகங்களைப்போல் ஒலியெழுப்பியும் பிழைத்தவர். பின்னர் லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு பால் நிறுவனத்தின் விளம்பரத்துக்காகச் சின்னக் குதிரைகள் பூட்டிய வண்டியில் சுற்றிச் சிறுவர்களை மகிழ்வித்தார். ஆட்டுக்குட்டியின் குரலில் அவர் பேசிக்காட்டியது வால்ட் டிஸ்னியின் காதில் வாத்தின் குரலாக விழுந்தது. 1934இல் வந்த ஒரு குறும்படத்தில் டொனால்ட் டக் முதன்முதலாகப் பேசியது. அன்று தொடங்கி சுமார் ஐம்பது ஆண்டுகள் அந்த வாத்தின் குரலாக நேஷ் இருந்தார். படங்கள் பிறநாடுகளுக்குப் போனபோதும் அந்தக் குரலை வேறு ஒருவரால் கொண்டுவர முடியவில்லை. ஆகவே அந்நிய மொழி வசனங்களை உச்சரிப்பின்படி எழுதிக் கொடுத்து, பொருள் தெரியாமலே அவரைப் பேசவைத்தார்கள். 1985இல் அவர் இறந்தார். டொனால்ட் டக்கைத் தெரியாத பிள்ளை உலகில் அரிது. கிளாரன்ஸ் நேஷைத் தெரிந்த பெரியவர்களும் அரிது.

இந்த நியாயமின்மையை முதலில் கேள்வி கேட்டவர் மெல் பிளாங்க். பக்ஸ் பன்னி என்ற முயலுக்கும், டஃபி டக் என்ற வாத்துக்கும், வார்னர் பிரதர்ஸின் இன்னும் பல பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தவர். 1940களில் சம்பள உயர்வு கேட்டார்; தயாரிப்பாளர் மறுத்துவிட்டார். அப்படியானால் படத்தின் தொடக்கத்தில் என் பெயரைப் போடுங்கள் என்றார். பெயர் போடுவதற்குக் காசு செலவாகாது என்பதால் தயாரிப்பாளர் சம்மதித்தார். அந்தப் பெயரைப் பார்த்து வானொலி நிலையங்களிலிருந்து அவருக்கு வேலைகள் வந்து குவிந்தன. சம்பள உயர்வைவிடப் பெயர் பெரிய வருமானமாயிற்று. ஆனால் அதே படங்களில் முயலைத் துரத்தும் வேட்டைக்காரன் எல்மர் ஃபட்டாகப் பேசிய ஆர்தர் பிரையனின் பெயர் போடப்படவில்லை. எல்லாக் குரல்களும் பிளாங்க்கினுடையவையே என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. கேட்டவருக்குக் கிடைத்தது, கேளாதவருக்கு இல்லை.

அந்த முயல் எங்கள் தோட்டத்து லயங்களுக்கும் வந்தது. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் இருக்கும் புசல்லாவைக்குத் தொலைக்காட்சி வந்தது 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கிய பின்னர்தான். பீதுருதாலகால மலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் இருந்தபடியால் எங்கள் பக்கத்துக்குப் படம் தெளிவாக விழுந்தது. லயங்களில் மின்சாரம் இல்லாத காலம். கார் பெட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று ஒரு லயத்துக்கே போதுமானதாக இருந்தது. அதில் பக்ஸ் பன்னி 'ஹா ஹா ஹரி ஹாவா' என்ற பெயரில் சிங்களம் பேசினான். தமிழ்ப் பிள்ளைகள் கொழுந்து மடுவத்துப் பக்கம் அந்த முயலைப்போலச் சிங்களத்தில் பேசிக்கொண்டு ஓடித் திரிந்ததை நான் கண்டிருக்கின்றேன்.

அதைச் செய்வித்தவர் டைட்டஸ் தொட்டவத்த. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் முதற்படமான 'ரேகாவ'வில் படத்தொகுப்பாளராக இருந்தவர், 'ஹந்தயா' என்ற சிறுவர் படத்தை இயக்கியவர். அத்தகைய ஒருவர் ரூபவாஹினியின் குரல் மாற்றுப் பிரிவுக்குத் தலைமை வகித்து, கார்ட்டூனுக்குச் சிங்களப் பேச்சு எழுதுவதை இழிவாக நினைக்கவில்லை. மொழிபெயர்க்காமல், அந்த முயல் சிங்களக் கிராமத்தில் பிறந்திருந்தால் எப்படிப் பேசுமோ அப்படிப் பேசவைத்தார். 2011இல் அவர் மறைந்தபோது சிங்கள மக்கள் திரைப்படக்காரரை மட்டும் நினைவுகூரவில்லை; தங்கள் குழந்தைப் பருவத்தைத் தந்தவரையும் நினைவுகூர்ந்தார்கள். அவருடைய பெயர் குரலோடு சேர்ந்தே நிலைத்தது.

நம்மிடம் ஆட்கள் இல்லாமலில்லை. இலங்கை வானொலியின் நகைச்சுவை நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மரைக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் ஆகிய பெயர்கள் மறந்திருக்காது. மேடையிலும் வானொலியிலும் ஒருங்கே நின்றவர்கள் இவர்கள். நாடகத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயரே அவர்களுடைய சொந்தப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. 1976இல் 'கோமாளிகள்' திரைப்படமாக வந்தபோது, அதுவரை குரலாகத் தெரிந்தவர்களின் முகம் பார்க்கச் சனங்கள் திரண்டார்கள். வானொலி குரலுக்குப் பெயர் கொடுத்தது. கார்ட்டூனோ குரலிடமிருந்து பெயரைப் பறித்துக்கொள்கின்றது.

மலையகத்திலும் மேடை இருந்தது. மேடையென்றால் பலகை போட்ட மேடையன்று. கோயிலுக்குப் பக்கத்துப் பொட்டல். மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும். ரதியும் மதனும் எமனும் வீரபத்திரனும் தப்பு முழங்க இரவு முழுவதும் ஆடுவார்கள். எங்கள் தோட்டத்தில் எமன் வேடம் கட்டும் ஒருவர் இருந்தார். பகலில் கவ்வாத்து வெட்டுபவர். எமனாக அவர் கத்தினால் பணிய லயத்துக் குழந்தை அழுகின்ற சத்தம் கேட்கும் என்பார்கள். கூத்து இல்லாத நாட்களில் எங்களுக்காகப் பேசிக்காட்டுவார். பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடுவது, துரையின் நாய் குரைப்பது, றம்பொடை வளைவுகளில் லொறி மூச்சிரைத்து ஏறுவது எல்லாம் அவருடைய தொண்டையிலிருந்து வரும். ஒலிவாங்கியை அவர் தொட்டதேயில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், மூன்று இலட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பதென்றும் ஆட்களை எண்ணிப் பிரித்தது. மிகுதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எழுபதுகளில் அந்த எமனும் குடும்பத்தோடு தலைமன்னார் சென்று கப்பலேறினார். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் ஆரம்பித்த தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அதன் பிறகு எங்கள் பொட்டலில் எமன் வேடம் கட்ட ஆள் தேடினார்கள். கிடைத்தவர் நன்றாகத்தான் ஆடினார். ஆனால் பணிய லயத்தில் குழந்தை அழவில்லை.

அந்தக் குரல் எந்த நாடாவிலும் பதிவாகவில்லை. கேட்டவர்கள் இறக்கும்போது அதுவும் இறந்துவிடும். ரோபோ சங்கரின் குரலுக்கு அந்தக் கதி இல்லை. இன்னும் இருபது ஆண்டுகள் கழித்தும் பும்பா அதே குரலில் பேசும். அதைக் கேட்டு ஏதோ ஒரு பிள்ளை சிரிக்கும். மேடையில் பிறந்த ஒரு குரலுக்குக் கார்ட்டூன் தருகின்ற பெரிய கொடை இதுதான். அங்கே குரல் சாவதில்லை. ஆனால் அது யாருடைய குரல் என்ற நினைவு எளிதாகச் செத்துவிடுகின்றது.

2007இல் சுட்டி தொலைக்காட்சி தொடங்கிய பின்னர், டிஷ் அன்டனா வழியாகத் தமிழ் பேசும் கார்ட்டூன்கள் எங்கள் லயங்களுக்கும் வந்து சேர்ந்தன. சிங்கள முயலைப் பார்த்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் தமிழில் சிரித்தார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தத் தமிழ் சென்னையின் தமிழ். உலகெங்கும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில், ஒரே தடவை குரல் கொடுத்தால் செலவு குறையும் என்பது வியாபாரக் கணக்கு. அந்தக் கணக்கில் யாழ்ப்பாணத்துப் பேச்சுக்கும், மட்டக்களப்புப் பேச்சுக்கும், மலையகத்துப் பேச்சுக்கும் இடமில்லை. 'பெரட்டு' என்றும் 'பணிய லயம்' என்றும் சொல்லும் கார்ட்டூன் விலங்கை எங்கள் வீட்டுப் பேரன் கேட்டதில்லை. காமன் கூத்தில் இன்றும் தொண்டை கிழியப் பாடுகின்ற இளைஞர்கள் எங்கள் தோட்டங்களில் இருக்கின்றார்கள். அவர்களுக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் இடையில் பாதை போடப்படவில்லை.

அந்தப் பாதையைப் போடுவதற்குப் பணம் வேண்டும், அதனால் காலம் எடுக்கும். பணம் தேவைப்படாத ஒரு காரியம் இருக்கின்றது. மெல் பிளாங்க்கின் தயாரிப்பாளருக்கே அது செலவில்லாத காரியமாகத்தான் தெரிந்தது. தமிழில் குரல் மாற்றி வருகின்ற ஒவ்வொரு கார்ட்டூனின் முடிவிலும், எந்தப் பாத்திரத்துக்கு யார் பேசினார் என்பதைத் தமிழ் எழுத்தில், ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடிய வேகத்தில் காட்டவேண்டும். பத்து விநாடி போதும். நட்சத்திர நடிகர்கள் பேசினால் சுவரொட்டியில் பெயர் வருகின்றது. நாள்தோறும் பேசுகின்றவர்களின் பெயர் எங்குமே வருவதில்லை.

அப்படி ஒரு வரி திரையில் ஓடினால், வாசிக்கப் பழகும் பிள்ளை தனக்குப் பிடித்த விலங்கின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மனிதனின் பெயரையும் சேர்த்து வாசிப்பான். அந்த மனிதன் உயிரோடு இருக்கும்போதே வாசிப்பான்.